காவலாளி வீட்டுக்காரனையே பிடித்தால்…



இந்தப் பத்தியில் வழக்கமாக விலை, கடன், சரக்கு இருப்பு, கடை வாடகை என்றுதான் எழுதி வருகிறேன். இம்முறை கணனியைப் பற்றி எழுதுகிறேன். நான் பாடசாலைப் படிப்போடு கடைக்கு வந்தவன், கணனி நிபுணன் அல்ல. ஆனால் ஒரு கணனிக் கோளாறினால் சீசன் நேரத்தில் ஒன்றரை நாள் வியாபாரத்தை இழந்தேன். அதைவிடப் பெரிதாக, ஒரு நல்ல பிள்ளையின் மனதை நோகடித்தேன். அந்த அனுபவம் நம்மைப் போன்ற சிறு வியாபாரிகளுக்குப் பயன்படும் என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

எனது கடை மாளிகாவத்தையில் இருக்கிறது. முச்சக்கர வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்குமான உதிரிப்பாகங்களை மொத்தமாகக் கொடுக்கிறோம். பஞ்சிகாவத்தை பக்கத்திலேயே இருப்பதால் வெளியூர்க்காரர்கள் அங்கே வரும்போது எங்களிடமும் வந்து போவார்கள். குருநாகல், கேகாலை, மாவனெல்லை, புத்தளம் என்று சுமார் நூற்று நாற்பது கடைகளுக்குக் கடனுக்குச் சாமான் போகிறது. யார் எவ்வளவு தரவேண்டும், எந்தச் சாமானை என்ன விலைக்கு வாங்கினோம் என்பதெல்லாம் ஒரேயொரு புரோகிராமில்தான் இருந்தது.

அந்தப் புரோகிராமுக்கு ஒரு கதை உண்டு. 2004இல் எங்கள் பகுதியில் கணனி படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர் எனக்காகவே எழுதித் தந்தது அது. விசுவல் பேசிக் 6 என்ற மொழியில் எழுதினாராம். பில் போடும், கடனைக் கூட்டும், மாலையில் ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாவற்றையும் பென் டிரைவில் கொப்பி எடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. பிறகு அவர் கட்டாருக்குப் போய்விட்டார். புரோகிராம் இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பியிலிருந்து விண்டோஸ் 7, பிறகு விண்டோஸ் 10 என்று கணனிகள் மாறின. புரோகிராம் மாறவில்லை. பத்தொன்பது வருடமாக ஒரு சதமும் பிழைக்காமல் கணக்குச் சொன்ன புரோகிராம் அது.

அந்தத் திங்கட்கிழமை

2023 ஏப்ரல் 10ஆம் திகதி. நோன்பு மாதம். பெருநாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். இடையில் சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு. வெளியூர்க் கடைகள் புத்தாண்டுக்கு மூடுவதற்கு முன் கணக்குத் தீர்க்க வரும் மூன்று நாட்களில் அது முதல் நாள். முந்திய வருடம் ரூபா விழுந்து சாமான் விலை இரண்டு மூன்று மடங்கு ஏறியிருந்ததால், கொடுத்திருந்த கடனும் அந்த அளவுக்கு ஏறியிருந்தது. அன்றைய திகதியில் வெளியே நின்ற காசு நாற்பத்திரண்டு இலட்சம்.

காலையில் கணனியைத் திறந்தால் புரோகிராமின் படம் வெறும் வெள்ளைக் கடதாசி போலக் கிடந்தது. அழுத்தினால், அந்தக் கோப்பு இருந்த இடத்தில் இல்லை, குறுக்குவழியை அழிக்கவா என்று கேட்டது.

"முதலாளி, புரோகிராமக் காணல்ல" என்றான் பில் போடும் தம்பி.

குருநாகல் நானா ஒருவர் காசோடு வந்து நின்றார். "எவ்வளவு ஹாஜியார் என்ட கணக்கு?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் தனது கொப்பியைப் பார்த்துச் சொன்ன தொகையைத்தான் வாங்கினேன். அவர் நேர்மையான மனிதர். எல்லோரும் அப்படியிருப்பார்களா?

நான் செய்த முதல் பிழை

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அந்தத் தம்பி இரண்டு நாட்களுக்கு முன்னர் பெருநாளுக்காகச் சம்பளத்தில் முற்பணம் கேட்டிருந்தான். "இப்ப வாணாம், பிறகு பார்ப்போம்" என்று அனுப்பியிருந்தேன். கடையில் கணனியைத் தொடுபவன் அவன் மட்டும்தான். சனிக்கிழமை மாலை கடைசியாக அதில் இருந்தவனும் அவன்தான். என் புத்தி இந்த மூன்றையும் உடனே முடிச்சுப் போட்டது. வந்திருந்த ஆட்களுக்கு முன்னால், "நீ என்ன செய்தாய் என்டு சொல்லு" என்று சத்தம் போட்டேன். அவன் எதுவும் பேசவில்லை. மேசைச் சாவியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

இரண்டாவது பிழை நடக்கவிருந்தது

பகலில் கணனி திருத்துபவர் ஒருவரை அழைத்தேன். ஐந்து நிமிடம் பார்த்தார். "விண்டோஸ் கெட்டுப் போயிருக்கு ஹாஜியார். ஃபோமட் அடிச்சுப் புதுசாப் போடுவோம்" என்றார். ஃபோமட் என்றால் கணனியை முழுவதும் துடைத்து எடுப்பது. எனக்குச் சம்மதம் சொல்ல வாய் வந்துவிட்டது. அஸருக்குப் பாங்கு சொன்னதால், "நாளைக்குக் காலையில வாங்க" என்று அனுப்பிவிட்டேன். அந்தப் பாங்குதான் என் கடையைக் காப்பாற்றியது என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன்.

இரவு தங்கச்சி வீட்டில் பேச்சுவாக்கில் சொன்னேன். தங்கச்சியின் மகள் கணனி படிக்கிற பிள்ளை. கேட்டவுடன், "மாமா, அன்டிவைரஸ் என்ன சொல்லுது என்டு பாத்தீங்களா?" என்றாள். அப்படி ஒன்று பேசும் என்பதே எனக்குத் தெரியாது. அன்றிரவே கடையைத் திறந்து கொடுத்தேன். கணனியின் ஓரத்தில் ஒரு சிறு படத்தை அழுத்தி, ஒரு பட்டியலைத் திறந்து காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை அதிகாலை இரண்டு மணி சொச்சம் என்ற நேரத்துக்கு எதிரே எங்கள் புரோகிராமின் பெயர் இருந்தது. பக்கத்தில் ட்ரோஜன் என்றொரு சொல், அதற்குப் பக்கத்தில் தனிமைப்படுத்தப்பட்டது என்ற பொருளில் ஒரு சொல்.

"மாமா, ஒன்டும் அழியல்ல. பயப்புட வாணாம். உள்ளுக்குத்தான் ஈக்கிது. பூட்டி வெச்சீக்கிது."

ஃபோமட் அடித்திருந்தால் அந்தப் பூட்டிய அறையும் அதற்குள் இருந்த புரோகிராமும் சேர்ந்தே போயிருக்கும்.

தனிமைப்படுத்தல் என்றால் என்ன?

2020இல் நம் எல்லோருக்கும் மனப்பாடமான சொல் இது. நோய் இருப்பதாகச் சந்தேகித்தால் ஆளைக் கொல்வதில்லை, தனியே வைத்துப் பார்ப்பார்கள். அன்டிவைரஸும் அதையே செய்கிறது. சந்தேகப்பட்ட கோப்பை அதன் இடத்திலிருந்து எடுத்து, இயங்க முடியாதபடி உருமாற்றி, தனக்கு மட்டும் திறக்கக்கூடிய ஓர் இடத்தில் வைக்கிறது. திருப்பித் தரச் சொன்னால் பழையபடி தரும். ஆனால் சில அன்டிவைரஸ்கள் குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு தாமாகவே அதை அழித்துவிடும். எனவே சுணங்கக் கூடாது.

இன்னொன்றையும் மருமகள் விளக்கினாள். புரோகிராம் வேறு, கணக்கு வேறு. புரோகிராம் என்பது கணக்கப்பிள்ளை. கணக்கு என்பது பேரேடு. இரண்டும் வெவ்வேறு கோப்புகள். பிடிபட்டது கணக்கப்பிள்ளை மட்டும்தான். நாற்பத்திரண்டு இலட்சத்தின் பேரேடு அதே இடத்தில், ஓர் எழுத்தும் கெடாமல் கிடந்தது. படிக்க ஆளில்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

நேற்றுவரை நல்லவன் இன்றைக்கு எப்படிக் கள்ளன்?

எனக்கு விளங்காத கேள்வி இதுதான். பத்தொன்பது வருடம் விட்டுவிட்டு இப்போது ஏன் பிடித்தது? புரோகிராம் மாறவில்லையே?

மாறியது காவலாளியின் சட்டம். அன்டிவைரஸ் தனது அறிவை இன்டர்நெட் வழியாக ஒரு நாளில் பல தடவைகள் புதுப்பித்துக்கொள்கிறது. முன்பெல்லாம் அது பிடிபட்ட வைரஸ்களின் அடையாளங்களை வைத்திருந்து, அதோடு ஒத்துப்போவதை மட்டும் பிடிக்கும். தேடப்படுவோரின் படத்தைப் பார்த்து ஆளைப் பிடிப்பது போல. இப்போது நாளாந்தம் புதுப்புது வைரஸ்கள் வருவதால் படம் போதவில்லை. நடை, உடை, பழக்கம் பார்த்துச் சந்தேகிக்கிறது. அங்கேதான் நம் பழைய புரோகிராம் மாட்டுகிறது.

காரணங்கள் நான்கு. முதலாவது, பெரிய நிறுவனங்கள் தமது புரோகிராமில் டிஜிட்டல் கையொப்பம் வைக்கின்றன. நம் ஊர்ப் பிள்ளை எழுதியதில் கையொப்பம் கிடையாது. இரண்டாவது, ஒரு கோப்பை உலகில் எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்பதையும் பல அன்டிவைரஸ்கள் பார்க்கின்றன. எங்கள் புரோகிராமைப் பாவிப்பது உலகத்திலேயே ஒரு கடை. மூன்றாவது, அந்தக் காலத்தில் கோப்பின் அளவைக் குறைப்பதற்காகச் சுருக்கிக் கட்டும் கருவிகளைப் பாவிப்பார்கள். வைரஸ் எழுதுபவர்களும் தம்மை மறைக்க அதே கருவிகளைத்தான் பாவித்தார்கள். நான்காவது, எங்கள் புரோகிராம் மாலையில் பென் டிரைவுக்குக் கணக்கோடு தன்னையும் கொப்பி எடுத்துக்கொள்ளும். ஒருகாலத்தில் பென் டிரைவ் வைரஸ்கள் செய்ததும் சரியாக அதுதான்!

அதாவது, எனக்குப் பத்தொன்பது வருட உறவு. காவலாளிக்கோ முன்பின் தெரியாத, அடையாள அட்டை இல்லாத, இரவில் மூட்டை கட்டுகிற ஓர் ஆள்.

முன்னறிவித்தல் ஏன் வரவில்லை? வந்திருக்கிறது. திரையின் மூலையில் சில விநாடிகள் தோன்றி மறையும் ஒரு சிறு பெட்டியாக, கடை மூடியிருந்த ஞாயிறு அதிகாலையில். போதாததற்கு, பில் போடும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று அந்த அறிவித்தல்களை நிறுத்தச் சொன்னதும் நானேதான்.

பெரிய இடங்களிலும் நடந்தது

இது ஏதோ மாளிகாவத்தைக் கடைக்கு மட்டும் வந்த சோதனை என்று நினைக்க வேண்டாம்.

2006 மார்ச் 10ஆம் திகதி மெக்காபி நிறுவனம் வெளியிட்ட 4715ஆம் இலக்கப் புதுப்பிப்பு, மைக்ரோசொப்டின் எக்செல் புரோகிராமையே விண்டோஸ் 95 காலத்து வைரஸ் ஒன்றாக அடையாளம் கண்டது. உலகமெல்லாம் கணக்குப் பார்க்கிற எக்செல்லுக்கே அந்தக் கதி. சில மணித்தியாலங்களில் திருத்தம் வந்தது. ஆனால் இங்கே ஒரு பாடம் இருக்கிறது. தனிமைப்படுத்து என்று அமைத்திருந்தவர்களால் மீட்டெடுக்க முடிந்தது. கண்டவுடன் அழி என்று அமைத்திருந்தவர்கள் திரும்பவும் புரோகிராமை நிறுவ வேண்டியதாயிற்று.

2007 மே மாதம் சைமன்டெக்கின் நோர்ட்டன், சீன மொழி விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டு அடிப்படைக் கோப்புகளை வைரஸ் என்று எடுத்துவிட, சீனாவில் பெருந்தொகையான கணனிகள் திறக்கவே முடியாமற் போயின.

2010 ஏப்ரல் 21ஆம் திகதி மீண்டும் மெக்காபி. அதன் 5958ஆம் இலக்கப் புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பி மூன்றாம் சேர்விஸ் பெக்கில் உள்ள எஸ்விசிஹோஸ்ட் என்ற இன்றியமையாத கோப்பைப் பிடித்தது. கணனிகள் நின்று நின்று மீண்டும் மீண்டும் திறந்தன. இன்டர்நெட் தொடர்பும் அறுந்தது. அவுஸ்திரேலியாவில் கோல்ஸ் சுப்பர்மார்க்கெட்டுகள் சில, காசு வாங்கும் இயந்திரம் வேலை செய்யாமல் மூடப்பட்டன. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஆஸ்பத்திரிகள் சில, அவசர சிகிச்சைப் பிரிவில் கடுமையான காயக்காரர் தவிர்ந்த ஏனையோரை எடுப்பதை நிறுத்தி வைத்தன. இதெல்லாம் ஒரு வைரஸும் வராமல், வைரஸைப் பிடிப்பதாக நினைத்துச் செய்த வேலையின் விளைவு!

2011 செப்டெம்பரில் மைக்ரோசொப்டின் அன்டிவைரஸ் கூகிள் குரோமை வங்கிக் கடவுச்சொல் திருடும் வைரஸ் என்று பிடித்தது. 2012 செப்டெம்பரில் சோபோஸ் நிறுவனத்தின் அன்டிவைரஸ் தன்னைப் புதுப்பிக்கும் தனது சொந்தக் கோப்பையே பிடித்தது. காவலாளி தன் கையைத் தானே விலங்கிட்டுக்கொண்ட மாதிரி. பெரிய நிறுவனங்களின் கோப்பு பிழையாகப் பிடிபட்டால் சில மணித்தியாலங்களில் திருத்தம் வருகிறது. நம் புரோகிராம் பிடிபட்டால் முறைப்பாடு செய்ய நம்மைத் தவிர வேறு ஆளில்லை.

அப்படியானால் அன்டிவைரஸை நிறுத்திவிடலாமா?

பலர் செய்வது இதைத்தான். நானும் அதைத்தான் கேட்டேன். "அதை ஓஃப் பண்ணிட்டு நம்மட புரோகிராமத் திருப்பி எடு மகள்" என்றேன். அவள் விடவில்லை.

"மாமா, நம்பிக்கையான புரோகிராம் என்டு செல்றீங்க. அதுக்குள்ள வைரஸ் பூந்து ஈந்தா?"

அவள் சொன்ன இரண்டு சம்பவங்களை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

2009இல் இன்டியுக் என்றொரு வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அது புரோகிராம்களைப் பிடிக்கவில்லை. டெல்ஃபி என்ற மொழியில் புரோகிராம் எழுதுபவரின் கணனியில் நுழைந்து, அவர் எழுதும் ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளும் தானும் சேர்ந்து பிறந்தது. எழுதியவர் நேர்மையானவர், புரோகிராம் புத்தம் புதியது, பிறக்கும்போதே தொற்று. நல்லவேளை, பரவுவதைத் தவிர அது வேறு தீங்கு செய்யவில்லை. அப்போது அன்டிவைரஸ் பிடித்ததைப் பிழை என்று நினைத்தவர்கள்தான் பிழை விட்டார்கள்.

இரண்டாவது சம்பவம் வியாபாரிகளுக்கு நேரடியாகப் பொருந்தும். உக்ரைனில் கணக்கு, வரி வேலைகளுக்குக் கம்பனிகள் பரவலாகப் பாவித்த எம்.இ.டொக் என்ற மென்பொருள் உண்டு. நிறுவனத்தின் புதுப்பிப்புக்குள் விஷமிகள் புகுந்துகொண்டார்கள். 2017 ஜூன் 27ஆம் திகதி அதன் வழியாக நொட்பெட்யா என்ற நாசகார புரோகிராம் பரவியது. மார்ஸ்க் கப்பல் கம்பனி முடங்கியது. மும்பைக்குப் பக்கத்தில் உள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்களுடைய கொள்கலன் முனையமும் பாதிக்கப்பட்டது. தமக்கு ஏற்பட்ட நட்டம் 30 கோடி டொலர் வரை போகும் என்று மார்ஸ்க் சொன்னது. வருடக்கணக்காக நம்பிய கணக்கு மென்பொருள்தான் வாசற்கதவாக இருந்தது.

எனவே காவலாளி பிடித்ததும் "அவன் நம்ம ஆள், விடு" என்று சொல்வதும் பிழை. "பிடித்தானா, அப்ப கள்ளன்தான்" என்று முடிவு கட்டுவதும் பிழை. விசாரிக்க வேண்டும்.

நாங்கள் விசாரித்த விதம்

முதலில், அன்டிவைரஸ் எழுதியிருந்த பெயரை முழுதாகப் பார்த்தாள். வைரஸின் பெயரில் ஜென், ஹியூர், சஸ்பிஷியஸ், எம்எல் போன்ற துண்டுகள் இருந்தால், பெரும்பாலும் அது இன்ன வைரஸ் என்று ஆளை அடையாளம் கண்டு பிடித்ததல்ல. பொதுவான சாயலை வைத்துச் சந்தேகித்தது. எங்களுடையது அந்த வகை.

இரண்டாவது, பழைய கொப்பியைத் தேடினோம். 2004இல் அந்த இளைஞர் எழுதித் தந்த சீடி லாச்சிக்குள் கிடந்தது. அதில் இருந்த புரோகிராமையும் பூட்டப்பட்டிருந்ததையும் ஒப்பிட்டாள். ஒவ்வொரு கோப்புக்கும் விரலடையாளம் போல நீண்டதோர் இலக்கம் கணிக்கலாம். ஓரெழுத்து மாறினாலும் அந்த இலக்கம் முழுவதும் மாறிவிடும். இரண்டும் அச்சொட்டாக ஒன்றாக இருந்தன. ஆக, பத்தொன்பது வருடத்தில் எதுவும் உள்ளே புகவில்லை.

மூன்றாவது, பிறக்கும்போதே தொற்று இருந்ததா என்பது. இதற்கு வைரஸ்டோட்டல் என்ற இலவச சேவை இருக்கிறது. 2004இல் ஸ்பெயினில் தொடங்கப்பட்டு, 2012இல் கூகிள் வாங்கியது. ஒரு கோப்பைக் கொடுத்தால் பல டசன் அன்டிவைரஸ்களின் தீர்ப்பை ஒரே தடவையில் காட்டும். எங்கள் புரோகிராமை மூன்று மட்டுமே சந்தேகித்தன. மூன்றும் அதே பொதுப் பெயரில்தான். மற்றவை எல்லாம் சுத்தம் என்றன. இங்கே ஓர் எச்சரிக்கை. அங்கே கொடுக்கும் கோப்பை மற்றப் பாதுகாப்பு நிறுவனங்களும் பார்க்கும். எனவே புரோகிராமை மட்டும் கொடுங்கள். வாடிக்கையாளரின் பெயரும் கடனும் இருக்கிற பேரேட்டை ஒருபோதும் கொடுக்க வேண்டாம். மற்றவர் கடன் விபரம் நம்மிடம் இருக்கும் அமானிதம்.

இதெல்லாம் முடிய ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. பிறகுதான் மீட்டெடுத்தாள். அந்த ஒரு கோப்புக்கு மட்டும் அனுமதி எழுதி வைத்தாள். படம் நிறத்தோடு திரும்பி வந்தது. அழுத்தினேன். கணக்கு வந்தது. குருநாகல் நானாவின் தொகையைப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியவை

1. புரோகிராம் காணாமற்போனால் முதலில் எதையும் தொடாதீர்கள். ஃபோமட் வேண்டாம், கணனியைத் துப்புரவாக்கும் புரோகிராம்களும் வேண்டாம். அன்டிவைரஸின் வரலாற்றுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். விண்டோஸோடு வருகிற பாதுகாப்பில் அதற்குப் புரொடெக்ஷன் ஹிஸ்டரி என்று பெயர். மற்றவற்றில் கொரன்டைன் என்று இருக்கும். திகதி, பெயர், இடம் மூன்றையும் கையடக்கத் தொலைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

2. உடனே மீட்டெடுக்காதீர்கள். மேலே சொன்ன மூன்று விசாரணையும் முடியட்டும். சந்தேகம் தீராவிட்டால் தெரிந்தவரிடம் கேளுங்கள். 2006 முதல் இயங்கும் ஸ்ரீலங்கா சேர்ட் என்ற அரச நிறுவனமும் பொதுமக்களுக்கு இவ்விடயத்தில் ஆலோசனை தருகிறது.

3. அனுமதி கொடுப்பதென்றால் அந்த ஒரு கோப்புக்கு மட்டும் கொடுங்கள். சி டிரைவ் முழுவதற்கும் விலக்குக் கொடுப்பது, ஒரு விருந்தாளிக்காக வீட்டின் எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டுத் தூங்குவதற்குச் சமம். அன்டிவைரஸை நிறுத்துவது அதைவிட மோசம்.

4. கண்டதும் அழி என்ற அமைப்பு இருந்தால் தனிமைப்படுத்து என்று மாற்றுங்கள். முடியுமானால் என்னிடம் கேள் என்று வையுங்கள். அறிவித்தல்களை நிறுத்தாதீர்கள். காலையில் கடை திறந்ததும் அந்தப் பட்டியலை ஒருவர் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

5. புரோகிராமின் மூலப் பிரதியையும் அதன் விரலடையாள இலக்கத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். அந்தப் பழைய சீடி இல்லாவிட்டால் நாங்கள் இருட்டில்தான் நின்றிருப்போம். கடை உறுதியைப் போல அதையும் வையுங்கள்.

6. பேரேட்டை இரண்டு கொப்பி எடுங்கள். ஒன்று கணனியில் செருகாமல், கடைக்கு வெளியே இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள். திறக்காத கொப்பி கொப்பியல்ல.

7. பிழையாகப் பிடித்த அன்டிவைரஸ் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். அநேகமாக எல்லா நிறுவனமும் இலவசமாக அதைப் பரிசீலிக்கிறது. இல்லாவிட்டால் அடுத்த புதுப்பிப்பில் திரும்பவும் பிடிக்கலாம்.

8. மாத முடிவில் கடன் பட்டியலைக் கடதாசியில் எடுத்து வையுங்கள். கடனை எழுதி வைப்பது நம் மார்க்கம் வலியுறுத்திய விடயம். எழுதியதை வாசிக்க ஒரேயொரு வழிதான் இருக்கிறது என்றால், அது எழுதாததற்குப் பாதிதான் மேல்.

9. பழைய புரோகிராமை நன்றியோடு பாவியுங்கள். ஆனால் அதற்கு ஒரு முடிவுத் திகதி வையுங்கள். எழுதியவர் இல்லை, மூல எழுத்து இல்லை, திருத்த ஆளில்லை. இன்று அன்டிவைரஸ் பிடித்தது. நாளை புதிய விண்டோஸ் ஏற்றுக்கொள்ளாமல் விடலாம். நான் என் கணக்கு முழுவதையும் எக்செல்லில் திறக்கக்கூடிய சாதாரணக் கோப்பாக எடுத்து வைத்துவிட்டேன். புதிய மென்பொருளுக்கு மாறும் வேலையும் நடக்கிறது.

பத்தாவது பாடம்

இதற்கு இலக்கம் போட மனம் வரவில்லை.

அன்றிரவு கடையைப் பூட்டும்போது மருமகள் ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, அந்த நானாக்கு என்ன செல்லப் போறீங்க?"

நான் அன்டிவைரஸைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியாத ஆள், இரவில் கடைசியாக இருந்தான், மூட்டை கட்டினான், ஆகவே கள்ளன் என்று அது முடிவு கட்டியதாம்! காலையில் நான் செய்தது வேறென்ன? முற்பணம் கேட்டான், கடைசியாகக் கணனியில் இருந்தான், ஆகவே அவன்தான். அன்டிவைரஸாவது ஒரு பட்டியலில் திகதியும் காரணமும் எழுதி வைத்திருந்தது. திருப்பி எடுக்க ஒரு பட்டனும் வைத்திருந்தது. என்னிடம் அதுவும் இல்லை.

அந்த இரவே மாளிகாவத்தை மாடிவீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவனுடைய உம்மா. உட்காரச் சொன்னார். தேநீர் தந்தார். அதுதான் என்னை மிகவும் சுட்டது. தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல முதலாளி" என்றான். ஆனால் அவன் கண் என்னைப் பார்க்கவில்லை.

ஆட்களுக்கு முன்னால் சத்தம் போட்டவன் வீட்டுக்குள் வந்து மெதுவாக மன்னிப்புக் கேட்டால் அது அரை மன்னிப்பு. அடுத்த நாள் காலை கடையில் வெளியூர்க்காரர்கள் நிறைந்திருந்தபோது அவனைப் பக்கத்தில் நிறுத்தி, "நேற்று நான் இந்தப் பிள்ளையைச் சந்தேகப்பட்டேன். பிழை கணனியில், இவனில் இல்லை. பிழையாகப் பேசியது நான்" என்று சொன்னேன். குருநாகல் நானாவுக்குத் தொலைபேசியிலும் சொன்னேன். அதன் பிறகுதான் தம்பி கணனிக்கு முன்னால் உட்கார்ந்தான். கேட்ட முற்பணத்தையும் கொடுத்தேன். அது பரிகாரமல்ல, முதலிலேயே கொடுத்திருக்க வேண்டியது.

இப்போது காலையில் அன்டிவைரஸ் பட்டியலைப் பார்ப்பது அவனுடைய பொறுப்பு. ஏதாவது இருந்தால் என்னிடம் சொல்வான். "முதலாளி, ஒன்டப் புடிச்சீக்கி. விசாரிச்சுட்டுச் செல்றேன்" என்பான்.

விசாரித்துவிட்டு. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.